கிருமிக்கும் ஒரு சொந்த ஊர்

வீட்டில் மீன் பொரித்த அன்றோ, வெங்காய சாம்பாருக்குத் தாளித்த அன்றோ திடீரென்று விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தொலைபேசி வந்தால் நாம் என்ன செய்வோம்? ஜன்னலைத் திறப்போம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தால் அதுவும் முடியாது. அலமாரியில் இருக்கும் வாசனை ஸ்ப்ரேயை எடுத்து வரவேற்பறையில் நாலு முறை அடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போல் கதவைத் திறப்போம். நம் வீடுகளில் இது வழக்கமான காட்சிதான்.

அப்படிப்பட்ட ஒரு ஸ்ப்ரே பாட்டில் 2021-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நான்கு பேரை நோயில் தள்ளியது. அவர்களில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். பாட்டிலின் விலை ஏறக்குறைய நான்கு டாலர். அது இந்தியாவில் தயாரானது. குற்றவாளி இந்தப் பாட்டில்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் இந்த இதழில் எழுத நினைத்தேன். துப்பறியும் கதை போல இருந்தாலும், ஊருக்குப் போய்வரும் நம் குடும்பங்களுக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

நான்கு மாநிலங்கள், நான்கு நோயாளிகள்

2021 மார்ச் மாதம் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பெண்மணி கடுமையான தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏற்கனவே நுரையீரல், கல்லீரல் நோய்கள் இருந்தவர். சில நாட்களிலேயே இறந்துவிட்டார். மே மாதத்தில் டெக்சாஸில் ஒரு 4 வயதுச் சிறுமிக்கும், மினசோட்டாவில் ஒரு ஆணுக்கும் அதே கிருமி. ஜூலையில் ஜார்ஜியாவில் ஒரு 5 வயதுச் சிறுவன் இறந்தான். அவனுக்கு என்ன நோய் என்பது அவன் இறந்த பிறகுதான் தெரிய வந்தது.

நால்வருக்கும் வந்தது மெலியாய்டோசிஸ் என்ற நோய். இதை உண்டாக்கும் பாக்டீரியாவின் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமாலியை. பெயர் வாயில் நுழையாது, இனி "மெலியாய்டோசிஸ் கிருமி" என்றே சொல்கிறேன். இது வெப்பமண்டல நாடுகளின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி. தாய்லாந்தின் நெல்வயல்களிலும் வட ஆஸ்திரேலியாவிலும் நன்றாக அறியப்பட்டது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டஜன் பேருக்கு வரும். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாடு போய்த் திரும்பியவர்கள்.

இந்த நான்கு பேரோ அமெரிக்காவை விட்டு வெளியே போனதே இல்லை. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். கன்சாஸுக்கும் ஜார்ஜியாவுக்கும் என்ன தொடர்பு? பிறகு எங்கிருந்து வந்தது இந்த வெப்பமண்டலக் கிருமி?

இங்கே ஒரு சிறு தகவல். இந்த நோயை முதலில் கண்டு உலகுக்குச் சொன்னவர்கள் ரங்கூனில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும். 1912-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. ஆனால் பின்னாளில் "விட்மோர் நோய்" என்ற பெயர்தான் நிலைத்தது. கிருஷ்ணசாமியின் பெயர் அதில் இல்லை. நம்மவர்களுக்கு நேர்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஏட்டுச்சுவடியும் கிருமியும்

இப்போது அந்தக் கண்டுபிடிப்பு முறைக்கு வருவோம். எந்த உயிருக்கும் அதன் உடலை எப்படிக் கட்டுவது, எப்படி நடத்துவது என்று எழுதி வைத்த ஒரு பெரிய ஏடு இருக்கிறது. அதைத்தான் ஜீனோம் என்கிறார்கள். தமிழில் மரபணுத் தொகுதி என்று சொல்லலாம். அந்த ஏட்டில் நான்கே எழுத்துகள்தான்: ஏ, டி, ஜி, சி. மனிதனின் ஏட்டில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். மெலியாய்டோசிஸ் கிருமியின் ஏட்டில் சுமார் 72 லட்சம். 2004-ஆம் ஆண்டில் இதை முதன்முறையாக முழுவதும் படித்து வெளியிட்டார்கள்.

ஒரு கிருமி இரண்டாகப் பிரியும்போது இந்த 72 லட்சம் எழுத்துகளையும் நகல் எடுக்க வேண்டும். மிகக் கவனமாகத்தான் எடுக்கும். ஆனாலும் எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். மாறிய எழுத்து அடுத்த தலைமுறைக்கும் அப்படியே போகும்.

உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஊர் ஊராக அலைந்து ஏட்டுச்சுவடிகளைச் சேகரித்துப் பதிப்பித்த வரலாறு நமக்குத் தெரியும். ஒரே நூலின் பல சுவடிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அங்கங்கே பாடபேதம் இருக்கும். எங்கோ ஒருவர் நகல் எடுக்கும்போது ஒரு சொல்லைத் தவறாக எழுதியிருப்பார். அவருடைய சுவடியைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோரும் அதே தவற்றைச் செய்திருப்பார்கள். ஆகவே இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். பிழைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவு நெருங்கிய உறவு.

கிருமிகளுக்கும் இதே கணக்குத்தான். நோயாளியின் இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்து, அதன் ஏட்டை முழுவதும் படித்து, மற்ற கிருமிகளின் ஏடுகளோடு கணினியில் ஒப்பிடுகிறார்கள். எழுத்து வித்தியாசம் மிகக் குறைவு என்றால் சமீபத்தில் பிரிந்த உடன்பிறப்புகள். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் என்றால் எங்கோ தூரத்து உறவு. இப்படி ஒரு வம்ச விருட்சமே போட்டுவிடலாம். மனித ஜீனோமை முதலில் படிக்கப் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தார்கள். இன்று ஒரு பாக்டீரியாவின் ஏட்டை ஓரிரு நாட்களில் படித்துவிடும் கருவிகள் இருக்கின்றன.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. பக்கத்திலிருக்கும் வேறு கிருமியின் ஏட்டிலிருந்து சில ஓலைகளை உருவித் தன் ஏட்டில் செருகிக்கொள்ளும் பழக்கம் இந்த மெலியாய்டோசிஸ் கிருமிக்கு அதிகம். அதையும் கணக்கில் எடுத்துத்தான் உறவு பார்க்க வேண்டும். அதனால்தான் இந்த வேலைக்கு அனுபவசாலிகள் தேவைப்படுகிறார்கள்.

திசை தெரிந்தது, வாசல் தெரியவில்லை

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. நான்கு நோயாளிகளின் கிருமிகளையும் படித்துப் பார்த்தது. இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, நான்கும் ஏறக்குறைய ஒரே கிருமி. ஆகவே நான்கு பேருக்கும் ஒரே மூலத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இரண்டாவது, அந்தக் கிருமியின் நெருங்கிய சொந்தங்கள் எல்லாம் தெற்காசியாவில் இருப்பவை.

நோயாளிகள் தெற்காசியா போகவில்லை என்றால் தெற்காசியாதான் அவர்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு பொருள் வழியாக. ஆனால் எந்தப் பொருள்? ஒரு வீட்டில் சோப்பு, ஷாம்பு, லோஷன், மருந்து, உணவு என்று எத்தனை ஆயிரம்! ஜீனோம் அதற்குப் பதில் சொல்லாது. அது திசையைக் காட்டும், வாசலைக் காட்டாது.

ஆகவே அதிகாரிகள் பழைய முறைக்குத்தான் திரும்பினார்கள். வீடு வீடாகப் போனார்கள். என்ன சாப்பிட்டீர்கள், எதைப் பூசினீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் இந்தக் கேள்விகளைக் கேட்பதும் பதில் சொல்வதும் எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுப் பொருட்கள், தோட்டத்து மண், குழாய்த் தண்ணீர் என்று நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். மாதக்கணக்கில் ஒன்றும் அகப்படவில்லை.

அக்டோபர் மாதம் ஜார்ஜியா சிறுவனின் வீட்டிலிருந்து எடுத்த ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் கிருமி கிடைத்தது. லாவெண்டர், காமமைல் வாசனை. உள்ளே அழகுக்காகச் சில வண்ணக் கற்கள். அந்தப் பாட்டிலில் இருந்த கிருமியின் ஏட்டைப் படித்தபோது நான்கு நோயாளிகளின் கிருமியோடும் அது பொருந்தியது. 2021 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை வால்மார்ட்டின் 55 கடைகளிலும் இணையம் வழியாகவும் இந்த வகை ஸ்ப்ரே விற்கப்பட்டிருந்தது. சுமார் 3,900 பாட்டில்களைத் திரும்பப் பெற உத்தரவு வந்தது. குப்பையில் போடக் கூடாது, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் மூடி ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுங்கள் என்று அறிவித்தார்கள்.

ஒரு பாட்டிலுக்குள் கிருமி இத்தனை நாள் உயிரோடு இருக்குமா என்று கேட்கலாம். வெறும் காய்ச்சி வடித்த நீரில் இந்தக் கிருமி 16 ஆண்டுகள் உயிரோடு இருந்ததைத் தாய்லாந்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதை நாமே காற்றில் தெளித்து மூச்சோடு இழுக்கிறோம்.

டெக்சாஸில் வேறொரு குடும்பம் ரக்கூன் ஒன்றைச் செல்லமாக வளர்த்து வந்தது. அது இதே ஸ்ப்ரே பாட்டில் ஒன்றைத் தட்டி உடைத்து, சிந்திய நீரில் நடந்திருக்கிறது. சுமார் இரண்டு வாரத்தில் நோயுற்று இறந்துவிட்டது. புதைத்த உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தபோது அதிலும் இந்தக் கிருமியின் தடயம் இருந்தது.

எப்போதும் வெளிநாடுதான் காரணமா?

இதைப் படித்துவிட்டு, "கிருமி என்றால் ஆசியாவிலிருந்துதான் வரும்" என்று யாராவது சொன்னால் அதற்கும் ஜீனோமே பதில் வைத்திருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் கடற்கரைப் பகுதியில் 2020-இலும் 2022-இலும் இரண்டு பேருக்கு மெலியாய்டோசிஸ் வந்தது. இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பகுதியில் வாழ்ந்தவர்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இருவரின் கிருமியும் ஒன்றே. ஆனால் அதன் சொந்தங்கள் ஆசியாவில் இல்லை, அமெரிக்கக் கண்டங்களில் இருந்தன. அங்கேயே மண்ணையும் குட்டைத் தண்ணீரையும் சோதித்தபோது கிருமி கிடைத்தது. அமெரிக்க நிலப்பரப்பின் மண்ணில் இது இருப்பது அப்போதுதான் முதன்முறையாக உறுதியானது. எந்தப் பொருளையும் திரும்பப் பெற வேண்டிய தேவை இல்லை. அந்த வட்டார மருத்துவர்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. பூர்வீகம் தெரிந்தால் செய்ய வேண்டிய வேலையே மாறிவிடுகிறது, பாருங்கள்.

இந்தக் கிருமி அமெரிக்கக் கண்டங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் ஏடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் தோன்றி, தென்கிழக்காசியா வழியாகப் பரவி, ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்கு 1650-க்கும் 1850-க்கும் இடையில் வந்திருக்கலாம் என்று 2017-இல் வெளியான ஆய்வு கணிக்கிறது. அடிமைக் கப்பல்கள் ஓடிய காலம் அது.

ஹைட்டி நாட்டின் காலரா இன்னும் பெரிய சோகம். 2010 அக்டோபரில் அங்கே காலரா தொடங்கியது. எட்டு லட்சம் பேருக்கு நோய், பத்தாயிரத்தை நெருங்கிய சாவு. நிலநடுக்கத்தால் வந்தது, கடல் நீரால் வந்தது என்று பலர் பலவிதமாகச் சொன்னார்கள். ஐ.நா. அமைதிப்படையில் நேபாளத்திலிருந்து வந்தவர்களின் முகாமிலிருந்து கழிவு ஆற்றில் கலந்தது என்று ஹைட்டி மக்கள் முதலிலிருந்தே சொல்லி வந்தார்கள். நேபாளக் காலராக் கிருமிகளின் ஏட்டை 2011-இல் ஹைட்டிக் கிருமியோடு ஒப்பிட்டபோது ஓரிரு எழுத்துகள்தான் வித்தியாசம். ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆயிற்று. ஏழைகள் சொன்னதை ஏடு உறுதிப்படுத்தும்வரை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நம் ஊர் ஏடுகள் போதாது

அமெரிக்க ஆய்வுக்கூடம் "தெற்காசியா" என்று மட்டும் சொன்னது. எந்த மாவட்டம், எந்த ஊர் என்று சொல்ல முடியவில்லை. காரணம் எளிது. ஒப்பிட்டுப் பார்க்க நூலகத்தில் ஏடு இருக்க வேண்டும். தாய்லாந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து ஏராளமான கிருமிகளின் ஏடுகள் சேர்ந்திருக்கின்றன. நம் பக்கத்திலிருந்து அந்த அளவுக்கு இல்லை.

நோய் இல்லாததால் அல்ல. உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்த நோய் வரலாம், 89,000 பேர் இறக்கலாம் என்று 2016-இல் ஒரு கணிப்பு வந்தது. அதில் தெற்காசியாவின் பங்கு பெரியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1996-லேயே, நாம் காண்பது சிறு பகுதிதான், காணாதது மிக அதிகம் என்று எழுதினார்கள். இலங்கையில் நீண்ட காலம் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளே பதிவாகியிருந்தனர். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் எனோகா கொரியாவும் அவருடைய குழுவினரும் தீவு முழுவதும் தேடத் தொடங்கிய பிறகு நூற்றுக்கணக்கானோர் கண்டறியப்பட்டார்கள். நோய் புதிதாக வரவில்லை. தேடினார்கள், கிடைத்தது.

நமக்கு என்ன?

இந்த நோய் பெரும்பாலும் மழைக்காலத்தில், ஈர மண்ணும் சேற்று நீரும் தோல் காயத்தில் படுவதாலோ, மூச்சு வழியாகவோ, சுத்தமில்லாத நீரைக் குடிப்பதாலோ வரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள்.

ஆனால் சர்க்கரை நோய் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். மெலியாய்டோசிஸ் வருபவர்களில் பாதிப் பேர் அளவுக்குச் சர்க்கரை நோயாளிகள். நம் சமூகத்தில் சர்க்கரை இல்லாத குடும்பம் எது? சிறுநீரக நோய், நாட்பட்ட நுரையீரல் நோய், அளவு மீறிய குடிப்பழக்கம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். இத்தகையவர்கள் ஊருக்குப் போகும்போது, வயலிலோ மழைநீர் தேங்கிய முற்றத்திலோ வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். காலில் வெடிப்பு, புண் இருந்தால் மூடி வையுங்கள். "எங்க ஊர் மண்ணுதானே" என்று அப்பா சொல்வார். செருப்பை எடுத்து முன்னால் வையுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

அறிகுறிகள் தனித்தன்மை உள்ளவை அல்ல. காய்ச்சல், இருமல், நிமோனியா போல வரலாம். காசநோய் போலவும் தோன்றலாம். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி கட்டலாம், ஆறாத புண்ணாகவும் இருக்கலாம். பெரும்பாலும் 1 முதல் 21 நாட்களுக்குள் தெரியும். ஆனால் உடலில் ஒளிந்திருந்து பல ஆண்டுகள் கழித்து வெளிப்படுவதும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து வந்ததாக 2005-இல் பதிவாகியிருக்கிறது.

சரியான மருந்து கிடைத்தால் பிழைக்கலாம். தீவிர சிகிச்சை வசதி உள்ள வட ஆஸ்திரேலியாவில் இறப்பு 10 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது, வசதி குறைந்த இடங்களில் 40 சதவீதம் வரை போகிறது. நிமோனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு இது மசியாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியாகக் குறைந்தது பத்துப் பதினான்கு நாட்கள் கொடுத்து, பிறகு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். நலமாகிவிட்டது என்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். தடுப்பூசி இதுவரை இல்லை.

இங்குள்ள மருத்துவர்களில் பலர் இந்த நோயை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆய்வுக்கூடத்தின் தானியங்கிக் கருவிகளே இதை வேறு கிருமி என்று தவறாகச் சொல்வதுண்டு. ஊருக்குப் போய் வந்ததை நாம் சொன்னால்தான் அவர்களுக்கு அந்த எண்ணமே வரும். நம்மில் பலர், முக்கியமாகப் பெரியவர்கள், அதைச் சொல்வதில்லை. "அது போன வருஷம் போனது, இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்பார்கள். என் மாமியாரும் அப்படித்தான். டாக்டர் "சமீபத்தில் பயணம் உண்டா" என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டிவிட்டார். ஐந்து மாதம் முன்பு மூன்று மாதம் தஞ்சாவூரில் இருந்துவிட்டு வந்தவர்! நல்லவேளை, அது சாதாரணச் சளிக் காய்ச்சல்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த ஊரில் இருந்தார்கள், வயலில் இறங்கினார்களா, குளத்தில் குளித்தார்களா, காலில் புண் இருந்ததா என்று அதில் எழுதி வைக்கிறோம். மருத்துவமனைக்குப் போகும்போது மருந்துச் சீட்டோடு அந்தத் தாளையும் எடுத்துப் போகிறோம். அத்தை மட்டும் அதைப் பார்த்து, "விசா ஆபீஸ்லகூட இவ்வளவு கேக்கலையேம்மா" என்று இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.